பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஆனா மைல்ஸ் மட்டும் வேற: டிக்கெட்டில் உள்ள அந்த ஒரு எழுத்து என்ன சொல்கிறது?

ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறீங்கன்னு வச்சுக்குவோம். தெலுக் இந்தானில் இருக்கும் உங்கள் அண்ணனும் அதே விமானத்தில் வருகிறார். பக்கத்துப் பக்கத்து இருக்கை, ஒரே சாப்பாடு. வீடு திரும்பி மைல்ஸ் கணக்கைத் திறந்து பார்த்தால், போன பயணத்துக்கு மட்டும் அண்ணனுக்கு 1,600 மைல்ஸ். உங்களுக்கு 400.

ரெண்டு பேருமே எக்கானமி தானே? ஆமாம். ஆனால், டிக்கெட்டில் இருந்த எழுத்து வேறு.

எழுத்து எதற்கு?

எக்கானமி என்பது ஒரே பகுதியாக இருந்தாலும், விமான நிறுவனம் அந்த இருக்கைகளைப் பல விலைகளில் பிரித்து விற்கிறது. ஒவ்வொரு விலைப் பிரிவுக்கும் ஓர் ஆங்கில எழுத்து உண்டு. இதுதான் ‘புக்கிங் கிளாஸ்’. மலிவான பிரிவில் இருக்கைகள் தீர்ந்ததும் அடுத்த பிரிவு திறக்கும். காலையில் பார்த்த விலை சாயங்காலம் ஏறிப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதுவாக ‘ஒய்’ என்றால் முழு விலை எக்கானமி, ‘ஜே’ என்றால் பிஸ்னஸ், ‘எஃப்’ என்றால் முதல் வகுப்பு. மற்ற எழுத்துகளின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஒன்றில் ‘கியூ’வுக்குப் பாதி மைல்ஸ் கிடைக்கலாம், இன்னொன்றில் எதுவுமே கிடைக்காமல் போகலாம்.

எங்கே பார்ப்பது?

இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில், ‘கிளாஸ்’ என்ற இடத்தில் தனியாக ஓர் எழுத்து நிற்கும். கூடவே ‘ஃபேர் பேசிஸ்’ என்று எழுத்தும் எண்ணும் கலந்த நீளமான குறியீடு இருக்கும். பெரும்பாலும் அதன் முதல் எழுத்துதான் புக்கிங் கிளாஸ். மற்றவை சீசன், வார நாள், எத்தனை மாதம் செல்லும் போன்ற நிபந்தனைகளைக் குறிக்கும். தேதி மாற்றலாமா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் இந்தக் குறியீட்டுக்கான விதிகள்தான் முடிவு செய்கின்றன.

கணக்கு இப்படித்தான்

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 1,600 மைல் தூரம். தூரத்தை வைத்துக் கணக்கிடும் திட்டத்தில், 100 விழுக்காடு தரும் எழுத்துக்கு 1,600 மைல்ஸ், 50 விழுக்காட்டுக்கு 800, 25 விழுக்காட்டுக்கு 400. பூஜ்ஜியம் தரும் எழுத்துகளும் உண்டு.

எல்லாத் திட்டங்களும் இப்படி இல்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தன் மைல்ஸ் திட்டத்தைத் தொடங்கியபோது, பறந்த தூரம்தான் கணக்கு. 2015-இல் டெல்டாவும் யுனைடெட்டும் டிக்கெட்டுக்குச் செலவழித்த பணத்தை வைத்துக் கணக்கிடத் தொடங்கின. அப்படிப்பட்ட திட்டங்களில், அரசாங்க வரியும் விமான நிலையக் கட்டணமும் பொதுவாகக் கணக்கில் சேராது. நீங்கள் 900 ரிங்கிட் கட்டியிருந்தாலும் 900-க்கும் மைல்ஸ் வராது.

இன்னும் மூன்று இடத்தில் கோட்டை விடுகிறோம்

முதலாவது, கூட்டணி விமானங்கள். மலேசியா ஏர்லைன்ஸ் 2013 முதல் ‘ஒன்வேர்ல்ட்’ கூட்டணியில் இருக்கிறது. அதனால் கூட்டணியில் உள்ள மற்ற விமானங்களில் பறந்தும் உங்கள் என்ரிச் கணக்கில் புள்ளிகள் சேர்க்கலாம். ஆனால், டிக்கெட்டை விற்பது ஒரு நிறுவனமாகவும் பறப்பது இன்னொரு நிறுவனமாகவும் இருந்தால், எந்த நிறுவனத்தின் எழுத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பதைத் திட்டத்தின் விதிகளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயர். நம் பலரின் கடப்பிதழில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ இருக்கும். அந்தச் சாய்கோட்டைப் பல முன்பதிவுப் படிவங்கள் ஏற்பதில்லை. சிலர் கோட்டை மட்டும் விட்டுவிடுவார்கள், சிலர் அந்த இரண்டு எழுத்தையுமே விட்டுவிடுவார்கள். டிக்கெட்டில் ஒரு மாதிரியும் உறுப்பினர் கணக்கில் இன்னொரு மாதிரியும் இருந்தால், மைல்ஸ் வந்து சேராமல் போகலாம்.

மூன்றாவது, குடும்பம். அப்பாவின் எண்ணைப் போட்டால் நான்கு பேரின் மைல்ஸும் அவருக்கே போய்ச் சேரும் என்று நினைக்கிறோம். பொதுவாக அப்படி நடக்காது. யார் பறக்கிறாரோ அவருக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

அப்போ, காசு கூடக் கொடுக்கலாமா?

மைல்ஸுக்காக மட்டும் என்றால், பெரும்பாலும் வேண்டாம். 1,200 மைல்ஸ் கூடுதலாகக் கிடைக்கும் என்று 250 ரிங்கிட் அதிகம் கட்டினால், நஷ்டம் உங்களுக்குத்தான். சில திட்டங்களில் மைல்ஸ் மூன்று ஆண்டுகளில் காலாவதியும் ஆகிவிடும்.

ஆனால், வீட்டில் பெரியவர் ஒருவர் உடம்பு முடியாமல் இருக்கிறார், பயணத் தேதி மாறலாம் என்றால் கணக்கே வேறு. மலிவான டிக்கெட்டில் தேதியை மாற்றும் செலவு, டிக்கெட் விலையையே தொட்டுவிடலாம். அப்போது சற்று விலை கூடிய டிக்கெட்தான் மிச்சம் பிடித்துத் தரும்.

அதனால், பணம் கட்டும் முன் ‘ஃபேர் ரூல்ஸ்’ பக்கத்தைத் திறந்து பாருங்க. ஏஜெண்டிடம் எடுத்தால், “இது எந்த கிளாஸ்? தேதி மாத்த எவ்வளவு?” என்று கேளுங்க. பயணம் முடிந்தாலும் போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மைல்ஸ் வந்து சேரவில்லை என்றால், பிறகு கோருவதற்கு அதுதான் ஆதாரம்.