பாரிஷனர்: பரதேசியா, பங்குடையவரா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, மாற்றலாகி வந்து வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்தலைவர் ஒருவர், “சுவாமி, நாங்கள் வெளியூர்க்காரர்கள், இந்தப் பங்கைச் சேர்ந்தவர்களல்லர்” என்று தயங்கினார். எட்டு மாதமாகப் பூசைக்கு வருகிறவர்! இதுவரை விசாரிக்காதது என் குறையே. அவர் மகளோ, ‘பாரிஷனர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் கேட்டாள். இருவருக்கும் விடை ஒன்றே.

கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் அருகே. ‘ஓய்க்கோஸ்’ என்றால் வீடு. இவற்றிலிருந்து பிறந்த ‘பரோய்க்கியா’, சொந்த மண்ணன்றி அயலிடத்தில் குடியிருப்பதைக் குறித்தது. புனித இராயப்பர் தம் முதல் திருமுகத்தில் கிறிஸ்தவரின் இவ்வுலக வாழ்வை இச்சொல்லாலேயே சுட்டுகிறார். எம்மாவுஸ் சாலையில் கிளெயோப்பாஸ், உயிர்த்த ஆண்டவரையே எருசலேமில் தங்கும் அந்நியரோ என வினவியதும் இதன் வினைச்சொல்லால்தான். இலத்தீனில் ‘பரோக்கியா’வாகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பாரிஷ்’ ஆயிற்று.

விகுதியின் கதை வேடிக்கையானது. ‘பாரிஷன்’ என்ற பழஞ்சொல்லே பங்கைச் சேர்ந்த ஆளைக் குறித்தது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அதை மறந்து, ஆளைக் குறிக்கும் ‘அர்’ விகுதியை மீண்டும் ஒட்டினர். நாம் ‘கேட்டுக் கதவு’ என்பதில்லையா!

தமிழில் ‘பங்கு’ என்பது உரிமையுள்ள பாகம். அங்கே அந்நியன், இங்கே பாகமுடையவன். நான் தமிழின் பக்கமே. ஆயினும் வெளியூரார் என்று ஒருவர் ஒதுங்க ஆங்கிலச் சொல்லின் வேரும் இடந்தரவில்லை. அவரைக் குறிக்கவே அது பிறந்தது.

இதைக் கேட்டு அவர் சிரித்தார். அடுத்த ஞாயிறு பங்குப் பதிவேட்டில் பெயரெழுத முதலில் வந்து நின்றது அக்குடும்பமே.