சம்போவுக்கு வந்த கூட்டம்

வேல்ஸ் நாட்டின் கார்மார்தன்ஷையரில், லான்பும்சைன்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. ஸ்கந்தா வேல் என்று பெயர். இலங்கையில் பிறந்த குரு சுப்பிரமணியம் 1973இல் தொடங்கிய மடம் அது. துறவியர் பலர் வெள்ளைக்காரர்கள். லண்டனிலிருந்து வண்டி கட்டி வருகிறவர்களில் ஈழத்தமிழர் ஏராளம். அபிஷேகம், ஆராதனை, அன்னதானம் எல்லாம் முறையாக நடக்கின்றன. மடத்துக்குச் சொந்தமாக மாடுகளும் உண்டு. அவற்றில் ஒன்று சம்போ, ஆறு வயதுக் கருப்புக் காளை. 2007 ஏப்ரலில் நடந்த காசநோய்ச் சோதனையில் அது தேறவில்லை. தேறாத மாட்டைக் கொன்றுவிட வேண்டும் என்பது பிரிட்டனின் சட்டம்.

நான் ஈரோட்டுப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் முதலில் சோதனையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாட்டின் கழுத்தில் மேலும் கீழுமாக இரண்டு இடங்களில் மயிரைக் கத்தரித்து, தோலை மடித்துக் காலிப்பரால் தடிமனை அளப்பார்கள். மேலே பறவைக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலின், கீழே மாட்டுக் காசநோய்க் கிருமியின் டியூபர்குலின், இரண்டையும் தோலுக்குள் போடுவார்கள். 72 மணி நேரம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். மேல் வீக்கத்தைவிடக் கீழ் வீக்கம் 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாக இருந்தால் மாட்டின் கணக்கு முடிந்தது. அந்தக் காலிப்பரைப் பிடித்திருக்கும் டாக்டரின் முகத்தைத்தான் பண்ணைக்காரர் பார்த்துக்கொண்டு நிற்பார், மாட்டையல்ல.

சம்போ விஷயத்தில் மடம் ஒப்பவில்லை. காளையைத் தனியாகக் கட்டிப் பராமரிக்கிறோம், வைத்தியமும் பார்க்கிறோம், உயிரைப் பறிப்பது எங்கள் சமயத்துக்கே எதிரானது என்றார்கள். தொழுவத்தில் கேமரா வைத்து, சம்போ வைக்கோல் தின்பதை உலகம் முழுக்க இணையத்தில் காட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கும் போட்டார்கள். ஜூலை 16 அன்று கார்டிஃப் நீதிமன்றத்தில் நீதிபதி கேரி ஹிக்கின்பாட்டம் சம்போவைக் கொல்லச் சொன்ன உத்தரவை ரத்து செய்தார். ஒரே வாரம்தான். ஜூலை 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. 26ஆம் தேதி அதிகாரிகள் போலீசோடு வந்தார்கள். பாட்டும் பூஜையுமாக வழிமறித்திருந்த பக்தர்களை ஒவ்வொருவராக அப்புறப்படுத்தி, சாயங்காலம் காளையை வண்டியில் ஏற்றினார்கள். ஊசி போட்டுக் கொன்றார்கள். பிரேதப் பரிசோதனையில் காசநோய்க்கான புண்கள் இருந்தன என்று அரசு அறிவித்தது.

கார்டிஃபில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பக்கம் கூட்டிப்போனாள். வழியில் ஒரு பால் பண்ணை. நான் என்ன வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் பண்ணைக்காரர் வாசலில் நிற்க வைத்தே பேசினார். மகள் மொழிபெயர்க்கவில்லை, அவர் ஆங்கிலம் எனக்கே புரிந்தது. சம்போவின் மேல் அவருக்குக் கோபமில்லை. அதற்கு வந்த கூட்டத்தின் மேல்தான் ஆதங்கம். அவர் மந்தையிலிருந்தும் மாடுகள் போயிருக்கின்றன. அவற்றுக்கும் பெயர் இருந்தது. கேமராதான் வரவில்லை.

"அப்பா, இவங்களுக்காக யாருமே பாடலையே" என்றாள் மகள், காரில் ஏறியதும்.

அவள் சொன்னது நியாயம்தான். அப்போது விவசாயச் சங்கங்களும் கோயில் காளைக்கு ஒரு சட்டம், எங்கள் பசுவுக்கு ஒரு சட்டமா என்றுதான் கேட்டன. ஒற்றை மாட்டின் முகம் ஊரையே திரட்டும். 2001 கோமாரி நோயின்போது பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நாடு உருகியது டெவன் பகுதியில் பிணங்களுக்கு நடுவே உயிரோடு கிடைத்த ஃபீனிக்ஸ் என்ற வெள்ளைக் கன்றைப் பார்த்துத்தான். கன்று பிழைத்தது, கொல்லும் விதியும் கொஞ்சம் தளர்ந்தது. அதற்காக அந்தக் கூட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மருத்துவன் என்ற முறையில், உத்தரவே கூடாது என்ற பேச்சையும் என்னால் ஏற்க முடியாது. நம் ஊரில் காசநோய் மாட்டுக்கு இப்படி வீடு தேடி உத்தரவு வருவதில்லை. மெலிந்த மாடு சத்தமில்லாமல் சந்தைக்குப் போகும், கை மாறும். நோயும் கூடவே கை மாறும். காய்ச்சாத பால் வழியாகக் குழந்தைகளுக்கும் வரும். அது கருணை இல்லை.

உத்தரவு வந்த பண்ணைக்கு என்ன துணை வேண்டும் என்பது வேறு கேள்வி. வேல்ஸில் கொல்லப்படும் மாட்டுக்கு அரசு விலை மதிப்பிட்டு இழப்பீடு தருகிறது, அதிகபட்சம் 5,000 பவுண்டு. கறக்காமல் போன பாலுக்குக் கிடையாது. நோய் கண்டதால் பண்ணைக்குத் தடை விதிக்கப்பட்ட காலத்தில் கன்றுகளைச் சந்தைக்கு ஓட்ட முடியாது. கொட்டில் நெரியும், தீவனம் தீரும், அறுபது நாளுக்கொரு முறை மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. புதிதாக மாடு வாங்கலாமா, பண்ணையை விற்றுவிடலாமா என்று பிள்ளைகளோடு பேசவும் நாக்கு எழாது. மேற்கு வேல்ஸில் 2015 முதல் டிர் டெவி என்ற தொண்டு அமைப்பு இயங்குகிறது, கிறித்தவத் திருச்சபை சார்ந்தது. தொலைபேசியில் கூப்பிட்டால் பண்ணைத் தொழில் தெரிந்த ஒருவர் வந்து சமையலறை மேசையில் உட்காருவார். கடிதக் கட்டைப் பிரித்துப் படிப்பார், எதற்கு முதலில் பதில் போடுவது என்று சொல்வார். பதாகை கிடையாது. என் அனுபவத்தில் இதுதான் ஆளைத் தாங்கும்.

இன்னொரு கொடுமையை அந்தப் பண்ணைக்காரர் சொன்னார். நிறைசினை மாட்டை வண்டியில் ஏற்றக் கூடாது என்பதால் பண்ணை முற்றத்திலேயே சுட்டுவிடுவார்கள். வயிற்றுக் கன்றும் உள்ளேயே துடித்து அடங்கும். வளர்த்தவர்கள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். வேல்ஸ் விவசாயிகள் இதைக் கூட்டங்களிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், சிலர் அழுதுகொண்டே. 2024இல் வேல்ஸ் அரசு இறங்கி வந்தது. சினையின் கடைசி 60 நாளில் இருக்கும் மாட்டையும், ஈன்று 7 நாள் ஆகாத மாட்டையும் உடனே சுட வேண்டியதில்லை, பண்ணைக்காரர் விரும்பினால் தள்ளிப் போடலாம். நிபந்தனை, மாட்டை மற்ற மாடுகளிடமிருந்து பிரித்து வைக்க வேண்டும்.

2007இல் ஸ்கந்தா வேல் துறவியர் கேட்டதும் பிரித்து வைக்கிறோம் என்றுதான். அவர்கள் கேட்டது ஆயுள் முழுக்க. இங்கே கிடைத்திருப்பது கன்று ஈனும் வரைக்கும் சில வாரம்.