வேலை போயிடுச்சா? கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க: ஓசூர் சொல்லும் பாடம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒரு மூலையில் ஊத்தங்கரை வட்டம் சிங்காரப்பேட்டை. இன்னொரு மூலையில், கர்நாடக எல்லையை ஒட்டி ஓசூர். விவசாயத்தை மட்டும் நம்ப முடியாத குடும்பங்களின் பிள்ளைகள் ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு போய்ச் சேரும் இடம் ஓசூர் சிப்காட். அங்கே வண்டி விற்பனை படுத்தால், இங்கே வீட்டில் அடுப்பு வரைக்கும் அது தெரியும்.

2019-ல் என்ன நடந்தது?

2019-ல் நாடு முழுக்க வாகன விற்பனை சரிந்தது. நிதி நிறுவனங்கள் கடன் கொடுக்கத் தயங்கின. லாரிகள் ஏற்றலாம் என்ற எடை வரம்பு 2018-ல் உயர்த்தப்பட்டதால், புது லாரிக்கான தேவையும் குறைந்தது. 2019 செப்டம்பரில் அசோக் லேலண்ட் தனது ஆலைகளுக்கு வேலையில்லா நாட்களை அறிவித்தது. ஓசூர் ஆலைகளுக்கு 5 நாள், எண்ணூருக்கு 16 நாள். பெரிய ஆலை நின்றால், உதிரிபாகம் செய்யும் சின்ன கம்பெனிகளிலும் ஷிப்ட் குறையும்.

இதில் தொழிலாளியின் தவறு எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. வேலை இழந்தவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

முதலில் செய்ய வேண்டியது என்ன?

"நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க" என்று சொன்னால் அவசரப்பட்டு கையெழுத்து போடாதீங்க. தானாக விலகினால் அது ஆட்குறைப்பு ஆகாது; அதற்கான இழப்பீடும் கிடைக்காது.

2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி:

* ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தர வேண்டும். முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடு.
* பாக்கி சம்பளத்தை 2 வேலை நாட்களுக்குள் தர வேண்டும்.
* ஒப்பந்த காலம் முடிந்து வெளியே வருவது ஆட்குறைப்பு இல்லை. ஆனால் குறித்த கால ஒப்பந்த ஊழியர் ஓராண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி உண்டு. நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டு.
* வேலைநீக்கம் தவறு என்று நினைத்தால், தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 45 நாளில் முடிவு வராவிட்டால் தீர்ப்பாயம் போகலாம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

நியமன கடிதம், சம்பள சீட்டு, அடையாள அட்டை எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வைப்பது நல்லது.

பிஎஃப் பணத்தை எடுக்கலாமா?

கை காலியாக இருக்கும்போது முதலில் கண்ணில் படுவது பிஎஃப் தான். ஆனால் ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டு சேவை தேவை. இடையில் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டால், அந்த ஆண்டுக் கணக்கு பூஜ்ஜியத்தில் இருந்து தொடங்கும். ஓசூரில் வேலை போய் எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலோ பொம்மசந்திராவிலோ சேர்ந்தாலும் அதே யுஏஎன் எண்தான். பழைய கணக்கை மாற்றிக்கொண்டால் போதும்.

திரும்பி வந்தது அதே வேலையா?

இல்லை. 2020 டிசம்பரில் ஓலா எலக்ட்ரிக் தமிழக அரசுடன் ரூ.2,400 கோடி ஒப்பந்தம் போட்டது. இதே மாவட்டத்தின் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது. ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் செல்போன் பாகங்கள் தயாராகின்றன. இன்ஜின் பாகம் கடைந்தவருக்குப் பக்கத்திலேயே பேட்டரி, எலக்ட்ரானிக்ஸ் வேலைகள் வந்துவிட்டன. அதனால், பழைய கம்பெனி கூப்பிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதை விட, ஐடிஐ குறுகிய காலப் பயிற்சி, மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலக முகாம் என்று நகர்வது புத்திசாலித்தனம்.

மனசு உடைந்தால்?

வேலை போனதை வீட்டில் மறைத்து, தினமும் ஷிப்டுக்குக் கிளம்புவது போலக் கிளம்புபவர்களும் உண்டு. கடன் வாங்கி சம்பளம் என்று கொடுத்தால் சிக்கல் இரண்டாகும். முதல் வாரமே வீட்டில் சொல்லி, இஎம்ஐ, சீட்டு, வாடகை மூன்றையும் கணக்கு போடுவது நல்லது. தூக்கம் போய், தப்பான எண்ணம் வந்தால் டெலி மானஸ் 14416, தமிழக அரசின் 104 எண்களில் இலவசமாகப் பேசலாம்.