ரோதானின் பிளாஸ்டர்

காரைக்காலுக்குத் தெற்கே வேதாரண்யத்து உப்பளங்களில் கடல்நீர் வெயிலில் சுண்டும்போது, உப்புக்கு முந்திப் பாத்தியில் படிவது ஜிப்சம். அதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் வறுத்தால், படிகத்துக்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய் வெள்ளைத் தூள் மிஞ்சும். அதுதான் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். தண்ணீரில் குழைத்தால் இழந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஊசி ஊசியான படிகங்களாகப் பின்னி, சூடு கிளம்ப இறுகிவிடும். இறுகும்போது இம்மியளவு விரியும். அதனால்தான் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிறைந்து, களிமண்ணில் பதிந்த விரல் ரேகையைக்கூட விடாமல் எடுத்துக்கொள்கிறது.

பிரெஞ்சுச் சிற்பி ஓகுஸ்த் ரோதான் உருவத்தைக் களிமண்ணில் பிசைந்து செய்வார். அச்செடுப்பது வார்ப்புக்காரர்களின் வேலை. ஈரக் களிமண்மேல் முதலில் சாயம் கலந்த பிளாஸ்டரை மெல்லிதாகப் பூசுவார்கள். அதன்மேல் வெள்ளைப் பிளாஸ்டரைக் கனமாக அப்புவார்கள். அச்சைப் பிரித்துக் களிமண்ணை எடுத்துவிட்டு, உட்புறம் சோப்பு தடவி, மறுபடி பொருத்திப் புதுப் பிளாஸ்டர் ஊற்றுவார்கள். பிறகு அச்சை உளியால் சிறிது சிறிதாக உடைக்க வேண்டும். சாய நிறம் கண்ணில் பட்டதும் கை நிதானிக்கும். அதற்கடுத்து இருப்பது சிற்பம்.

ரோதானின் சிற்பங்களைப் பெரிதாக்கியவர் ஆன்ரி லெபொசே. அவரது இயந்திரத்தில் ஒன்றாகச் சுழலும் இரண்டு மேடைகள். ஒன்றில் சிறிய சிற்பம், மற்றதில் பெரிய பிளாஸ்டர். ஒரு முனையில் கீலிட்ட நீண்ட கோலின் முள் சிறியதை வருட, அதே கோலில் தள்ளியிருக்கும் கூர்முனை பெரியதைச் செதுக்கும். கீலிலிருந்து இரண்டும் இருக்கும் தூரத்தின் விகிதமே பெரிதாக்கும் அளவு. சுமார் 70 சென்டிமீட்டர் உயரத்தில் பிறந்த ‘சிந்தனையாளர்’ இப்படி வளர்ந்துதான் 1904-இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தார். ரோதான் மெதோனில் குடியிருந்தார். லெபொசேயின் பட்டறைக்கும் அவருக்கும் நடுவே கடிதங்கள் ஓடின. மனம் ஒப்பாத பகுதியைத் திரும்பச் செய்யவைப்பார். இயந்திரம் அளவை மட்டுமே பெருக்கும். சதையின் திரட்சி சரியா என்று சொல்ல அவர் கண் வேண்டும். கைபடாவிட்டாலும் அது அவர் சிற்பமே என்பேன்.

நம் பஞ்சலோக வார்ப்பு வேறு வழி. மெழுகு உருகி ஓடிய மண் கருவில் உலோகம் ஊற்றி, கருவை உடைத்தால் கிடைப்பது ஒரே ஒரு சிலை. அப்படி வார்த்த திருவாலங்காட்டு நடராசரைச் சென்னை அருங்காட்சியகத்தில் எடுத்த புகைப்படங்களில் பார்த்துத்தான் ரோதான் 1913-இல் சிவதாண்டவம் பற்றி எழுதினார். தோள், இடுப்பு, தூக்கிய கால் என்று அங்கம் அங்கமாக, ஒளி விழும் இடமெல்லாம் தொடர்ந்து போகும் எழுத்து. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்துபோய்க் கண்டதாக நாம் சொல்லும் அதே ஆலங்காட்டு ஆட்டம். அந்தக் கட்டுரை 1921-இல் அச்சேறியபோது ரோதான் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.