சின்னக் காயம்தானே என்று விடலாமா?



தோட்டத்தில் பிள்ளைகள் அடிபடாத நாள் கிடையாது. வாசல்படியில் தடுக்கி விழும். உடைந்த மங்கு காலைக் கிழிக்கும். செம்பனை முள் குத்தும். இவற்றில் பெரும்பாலானவை வீட்டிலேயே ஆறிவிடும். சில மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவை. எது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் வீண் பயமும் இல்லை, வீண் தாமதமும் இல்லை.

உடனே செய்ய வேண்டியது

ரத்தத்தைக் கண்டதும் நம் வீடுகளில் முதலில் தேடுவது காப்பித்தூளை. தயவுசெய்து வேண்டாம். காப்பித்தூள், சுண்ணாம்பு, புகையிலை, பற்பசை எதுவுமே காயத்துக்கு மருந்தல்ல. ரத்தம் நின்ற மாதிரி தெரியும். அழுக்கு உள்ளே தங்கிவிடும். பிறகு தையல் போடுவதற்கு முன் அதைத் துணுக்குத் துணுக்காக எடுக்க வேண்டும். அப்போது பிள்ளை கதறுவதைப் பார்த்த தாய் மறுபடி காப்பி டின்னைத் தொடமாட்டாள்.

துவைத்த துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து அழுத்துங்கள். 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். "நின்னுடுச்சா பார்ப்போம்" என்று இடையில் தூக்கிப் பார்த்தால் மறுபடியும் ஒழுகும். ரத்தம் நின்றதும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிச் சுத்தமான துணியால் கட்டுங்கள். கண்ணாடியோ ஆணியோ ஆழமாகக் குத்தி நின்றால் பிடுங்காதீர்கள். அப்படியே கொண்டு வாருங்கள்.

எப்போது ஆஸ்பத்திரி?

1. 10 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டால்.
2. காயம் வாய் பிளந்திருந்தால், அல்லது முகத்தில், கண்ணருகில், மூட்டில் இருந்தால்.
3. முள், ஆணி ஆழமாக ஏறியிருந்தால். செம்பனை முள் உள்ளேயே ஒடிந்திருந்தால்.
4. நாய், பூனை, குரங்கு கடித்திருந்தால். இதற்குச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.
5. கை கால் வீங்கி, பிள்ளை அதை அசைக்க மறுத்தால்.

தையல் போட வேண்டிய காயத்துக்கு அன்றைக்கே தையல் போடுவதுதான் நல்லது. "நாளைக்குப் பெரட்டு முடிஞ்சு வர்றேன்" என்று தள்ளிப் போட்டால், கிருமி புகுந்த காயத்தை மூடித் தைக்க முடியாமல் போகலாம்.

தலையில் அடிபட்டால்

நெற்றியிலும் மண்டையிலும் ரத்தக் குழாய்கள் அதிகம். சின்ன வெட்டுக்கே ரத்தம் கொட்டும். ரத்தத்தின் அளவைவிடப் பிள்ளையின் நடத்தையைப் பாருங்கள். மயங்கி விழுந்தது, திரும்பத் திரும்ப வாந்தி, இழுப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காமை, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போலவோ ரத்தமாகவோ வடிதல் - இதில் ஒன்று இருந்தாலும் 999க்கு அழையுங்கள். இல்லை கிடைத்த வண்டியில் புறப்படுங்கள். கைக்குழந்தை விழுந்தால் வீக்கம் இல்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள். "தூங்கவே விடக்கூடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வழக்கமாகத் தூங்கும் நேரமானால் தூங்கட்டும். இடையிடையே எழுப்பி, உங்களை அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள்.

ரணஜன்னி ஊசி

துரு பிடித்த ஆணியால்தான் ரணஜன்னி வரும் என்பது பாதி உண்மை. அதன் கிருமி துருவில் பிறப்பதல்ல. மண்ணிலும் மாட்டுச் சாணத்திலும் இருப்பது. ஆழமான, காற்றுப் புகாத காயத்தில் அது வளரும். நம் பிள்ளைகளுக்கு 2, 3, 5 மாதங்களிலும் 18 மாதத்திலும், பிறகு 7 வயதிலும் 15 வயதிலும் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். ஒன்று தவறியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அடிபட்ட அன்றே அதைச் சரிசெய்ய வழியுண்டு.

ஆஸ்பத்திரியில் என்ன நடக்கும்?

பிள்ளையின் மைக்கிட் கார்டு அல்லது பிறப்புப் பத்திரம், கிளினிக் கொடுத்த ஊசிப் புத்தகம், மாற்றுத் துணி, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரம் இல்லை என்பதற்காக அடிபட்ட பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வழியில் சோறு ஊட்டாதீர்கள். தூங்க வைத்துத் தைக்க நேர்ந்தால் வயிறு காலியாக இருப்பது நல்லது. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது என்று சொல்லுங்கள்.

அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. உயிருக்கு ஆபத்தானவர் சிவப்பு, அடுத்தது மஞ்சள், காத்திருக்கக் கூடியவர் பச்சை. உங்கள் பிள்ளை பச்சையில் உட்கார்ந்திருக்கிறது என்றால் உங்களை ஒதுக்கினார்கள் என்று அர்த்தமில்லை. உயிருக்குப் பயமில்லை என்று அர்த்தம். ஆனால் காத்திருக்கும்போது வாந்தியோ மயக்கமோ வந்தால் வாய் திறந்து சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம்.

டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்பார். "ஆயாக் கொட்டகையில் விழுந்தான்", "பாட்டி பார்க்காத நேரத்தில் கத்தியை எடுத்தான்", எதுவானாலும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மாமியாருக்குக் கெட்ட பெயர் வரும், புருஷன் திட்டுவார் என்று மாற்றிச் சொன்னால், சிகிச்சைதான் தப்பாகும். ஆண்களுக்கும் ஒரு சொல்: பிள்ளை விழுந்ததற்குத் தாயை ஏசுவதால் காயம் ஆறாது. கூடப் போங்கள், ஊசி போடும்போது பிள்ளையை மடியில் பிடித்துக்கொள்ளுங்கள். "வலிக்காது" என்று பொய் சொல்லாமல், "கொஞ்சம் வலிக்கும், அப்பா இருக்கேன்" என்று சொல்லுங்கள்.

வீடு திரும்பிய பின்

முகத்துத் தையலை ஏறக்குறைய 5 நாளிலும், மண்டைத் தையலை 7 நாளிலும், கை கால் தையலை 10 நாளுக்குமேலும் பிரிப்பார்கள். சொன்ன தேதியில் போங்கள். சிவப்பு பரவினால், சீழ் வடிந்தால், காய்ச்சல் வந்தால் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். வலிக்குப் பாராசித்தமால் மருந்தைப் பிள்ளையின் எடைக்குத் தக்க அளவில் கொடுக்கலாம்; ஆஸ்பிரின் கூடாது.

இன்று இரவே ஊசிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். ஏதாவது விட்டுப் போயிருந்தால், அடிபடும்வரை காத்திராமல் இந்த வாரமே கிளினிக்குக்குப் போய்வாருங்கள்.