உப்பு லாரியில் எரியும் மஞ்சள் விளக்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தைக் கடக்கும்போது வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் கண்ணில்படும். ஒரு காலத்தில் இந்த உப்பு பக்கிங்ஹாம் கால்வாயில் படகேறி சென்னைக்குப் போனது. கால்வாயின் தென்கோடியே மரக்காணம்தான். படகுகள் நின்றுபோக, இன்று எல்லாமே லாரியும் மினி லாரியும்தான்.

டெல்லியில் போட்ட சட்டம் ஒன்று, அந்த வண்டிகளின் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்காக எரிகிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்கப் புதிய வாகனங்களுக்கு பி.எஸ்.6 விதி கட்டாயம். பி.எஸ்.5-ஐத் தாண்டி, 4-லிருந்து நேராக 6-க்குத் தாவியது மத்திய அரசு. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 பங்கானது. பெரும்பாலான டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரும் வந்தது.

சிக்கல் அந்த ஃபில்டரில்தான். பிடித்த கரியை அது தானே எரித்துவிடும். அதற்குக் கடும் சூடு வேண்டும். வண்டி சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். சென்னைக்கு லோடு அடிக்கும் லாரிக்குக் கவலையில்லை. உப்பளத்துக்கும் சாலையோரக் குவியலுக்கும் நடுவே, முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்து, நின்று நின்று ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு வருவதேயில்லை. கரி சேர்ந்து விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் விட்டால் இழுவை குறையும், அப்புறம் ஒர்க்‌ஷாப்தான். மழைக்கு முன் உப்பை ஏற்றியாக வேண்டிய நாளில் வண்டி நின்றால், டிரைவரோடு சேர்த்து சுமைகூலிக்காரர்களுக்கும் அன்றைக்குச் சம்பளமில்லை.

பெரிய லாரிகளுக்கு யூரியா கரைசல் செலவு தனி. அதில் 32.5 சதவிகிதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். வயலுக்குப் போடும் யூரியாவைக் கரைத்து ஊற்றினால் சிஸ்டமே பாழ்!

அதற்காக விதியே தப்பு என்று சொல்லிவிட முடியாது. லாரிப் புகையை முதலில் சுவாசிப்பது, தலையில் உப்புக் கூடையோடு பக்கத்தில் நிற்கும் பெண்கள்தான். ஆனால், பாத்திக்கு நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை இந்த வாகன விதி தொடவில்லை. புது வண்டிக்கு வசதியில்லாதவர் பழைய லாரியைத்தான் வாங்குவார். கரும்புகையும் கூடவே வரும்.

பி.எஸ்.6 வண்டி வைத்திருப்பவர்கள் மஞ்சள் விளக்கு எரிந்தால் எஞ்சினை உடனே அணைத்துவிட வேண்டாம். வண்டியோடு வந்த கையேட்டில் சொன்ன வேகத்தில், திண்டிவனம் சாலையில் நிற்காமல் ஓட்டிப் பாருங்கள். விளக்கு அணையாவிட்டாலோ, சிவப்பாக மாறினாலோ மெக்கானிக்கிடம் போவதே நல்லது.