இரண்டாவது கை எங்கே?

பெரும்பாலும் இரண்டாவது கையில்தான் நிற்கும். முதுகுத் துண்டு முடிந்திருக்கும், முன்பக்கத் துண்டு இரண்டும் முடிந்திருக்கும், ஒரு கை முழுசாகத் தொங்கும். இன்னொன்று மணிக்கட்டுப் பார்டரிலிருந்து நாலு விரற்கடை ஏறியதோடு சரி. ஊசி குத்தியது குத்தியபடி பிளாஸ்டிக் பைக்குள் கிடக்கும், பீரோவின் அடித்தட்டில். பட்டன் வைத்த ஸ்வெட்டரைக் கையால் பின்னத் துணிந்தவர்களுக்கு உலகம் முழுக்க இருக்கிற வியாதி இது. முதல் கையில் பட்ட பாட்டையெல்லாம், புதிதாக ஒன்றும் தெரிந்துகொள்ளாமல், இன்னொரு தடவை பட வேண்டும். யாருக்கு மனம் வரும்?

ஆண்டுக் கடைசிக் குளிருக்குக் கதகதப்பாக ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். கேமரன் மலை என்றால் ஸ்ட்ராபெரி, இல்லாவிட்டால் தேநீர். இரண்டையும் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். மிச்சமிருப்பது இந்த அரைகுறை ஸ்வெட்டர்தான்.

இலையுதிர் காலம் இந்த மலைக்குக் கிடையாது. தேயிலை வருஷம் முழுக்கத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் நம் பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் காலம் அல்லவா, அது இங்கே அப்படியே பொருந்தும். அக்டோபர் பிறந்தால் மழை பிடித்துக்கொள்கிறது. ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜா வரை மூடுபனி. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம், பிரிஞ்சாங் மலையுச்சி 2,000 மீட்டருக்கும் மேலே. பகலிலேயே 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. 1978 பிப்ரவரி 1 அன்று பதிவான 7.8 டிகிரிதான் மலேசியாவிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை என்று சொல்வார்கள். கீழே ஈப்போவில் விசிறி சுழல்கிற அதே நேரத்தில் இங்கே பீரோவிலிருந்து கம்பளி இறங்கும். கம்பளி இறங்கும்போது அடியில் கிடக்கிற பையும் கண்ணில் படும்.

1929இல் போ தோட்டம் தொடங்கியதிலிருந்து இந்தச் சரிவுகளில் தேயிலை இருக்கிறது. சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று தமிழர்கள் வாழ்ந்த தோட்டங்களின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததே. திரும்பச் சொல்லப் போவதில்லை. ஸ்வெட்டருக்கு இங்கே என்ன வேலை என்பதை மட்டும் சொல்கிறேன். விடிவதற்கு முன் பிரட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. தாய் வேலைக்குப் போக வேண்டுமென்றால் கைக்குழந்தை அந்த நேரத்துக்கே ஆயாக் கொட்டகைக்குப் போயாக வேண்டும். பனி இறங்குகிற பாதையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவளுக்கு ஸ்வெட்டர் அலங்காரப் பொருள் இல்லை. வாங்கலாம், காசு வேண்டும். பின்னலாம், நூலும் பொறுமையும் போதும். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் ஊசி பிடித்தவர்கள் மற்றவர்களுக்குக் காட்டிக் கொடுத்தார்கள். அந்த மற்றவர்கள் புத்தகம் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பார்த்தார்கள்.

என் கவலையெல்லாம் இங்கேதான் இருக்கிறது. கடையில் வாங்கிய மாதிரித்தாளைப் பார்த்துப் பின்னிய ஸ்வெட்டர் பாதியில் நின்றால் பாதகமில்லை. தாள் இருந்தால் எவரும் தொடரலாம். விரலைப் பார்த்துக் கற்றவர் பின்னியது அப்படி அல்ல. எத்தனை கண்ணி ஏற்றினார், எந்த வரிசையில் கை அகலத் தொடங்கியது, அக்குளுக்கு எவ்வளவு குறைத்தார், அத்தனையும் அவர் தலைக்குள். ரசத்துக்கு அளவு கேட்டால் "ஒரு கை போடுவேன்" என்கிற கைப்பக்குவம்தான் இதுவும். பையைத் திறந்து அவர் கையில் கொடுங்கள், ஒரு நிமிஷம் தடவிப் பார்த்துவிட்டுச் சரியாக விட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். உங்களுக்கும் எனக்கும் அது வெறும் நூல்.

அந்தப் பெண்களுக்கு இப்போது வயது எழுபது, எண்பது. பிள்ளைகள் மலையிறங்கிவிட்டார்கள். லயத்து வீடுகளில் இன்று அதிகமும் பங்களாதேஷ், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். கொழுந்தைக் கையால் கிள்ளிய காலம் போய், கத்தரியும் இயந்திரமும் வந்து வெகு காலமாகிறது. இதையெல்லாம் நிறுத்த முடியாது, நிறுத்தச் சொல்லவும் இல்லை. பீரோவில் கிடக்கிற அந்த ஒரு பையை இந்த மழைக்குள் முடிக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

அவிழ்த்துவிட்டு நூலை வேறொன்றுக்கு எடுத்துக்கொண்டால் என்ன, சிக்கனம்தானே என்பவர்களும் உண்டு. நூல் மிஞ்சும், வாஸ்தவம்.

முடிப்பது எப்படி? முதலில் ஊசியை உருவாதீர்கள். வருஷக்கணக்கில் ஊசியிலேயே இருந்த கண்ணிகள் இழுபட்டுத் தளர்ந்திருக்கும். எஃகு ஊசியாக இருந்தால், இந்த மலை ஈரத்துக்குத் துருக்கறையும் பிடித்திருக்கும். அதற்குச் சில வரிசைகள் கீழே, சுத்தமாக உள்ள ஒரு வரிசையில், எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிற மெல்லிய நூலைத் தையல் ஊசியால் கோத்து விடுங்கள். பிறகு மேலே உள்ளதை அவிழ்த்தால் அந்த நூலுக்குக் கீழே ஒன்றும் பிரியாது. அங்கிருந்து தொடங்கலாம்.

அடுத்தது ஊசி எண். இதில் ஏமாறாதவர்கள் குறைவு. பழைய ஊசிகளுக்கும் பழைய மாதிரித்தாள்களுக்கும் பிரிட்டிஷ் கணக்கு: எண் கூடக் கூட ஊசி மெலியும். அந்த 8ஆம் எண் 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25. அமெரிக்கக் கணக்கு நேர்த் தலைகீழ். அவர்களுடைய 8ஆம் எண் 5 மில்லிமீட்டர். பாட்டி 'எட்டாம் நம்பர்' என்றாரே என்று இணையத்தில் அமெரிக்க எட்டை வரவழைத்தால் இரண்டாவது கை முதல் கையைவிடத் தொளதொளவென்று வரும். நூலும் அப்போது அவுன்ஸ் கணக்கில். ஒரு அவுன்ஸ் சுமார் 28 கிராம். இன்றைய உருண்டைகள் பெரும்பாலும் 50 அல்லது 100 கிராம்.

ஊசி சரியாக இருந்தாலும் கை மாறியிருக்கும். இருபது வருஷத்துக்கு முன் இறுக்கிப் பின்னியவர் இன்று மூட்டுவலியால் தளர்த்திப் பின்னுவார். ஒரு சிறு துண்டு பின்னி, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணி, முடிந்த கையோடு ஒப்பிடுங்கள். கூடினால் பெரிய ஊசி, குறைந்தால் சின்ன ஊசி.

நூல் தீர்ந்திருந்தால் அதே நிறம் கிடைக்காது. ஒரே கம்பெனி, ஒரே நிற எண் என்றாலும் சாயம் போட்ட தடவை மாறினால் நிறம் ஒரு பொட்டாவது வித்தியாசப்படும். பொருந்துகிற மாதிரி இருப்பதை வாங்கி நடுவில் ஒட்டுப் போடுவதைவிட, துணிந்து வேறு நிறத்தை எடுத்து இரண்டு மணிக்கட்டுப் பார்டருக்கும் பட்டன் பட்டிக்கும் போடுங்கள். வேண்டுமென்றே செய்தது போல இருக்கும். கை போட நூலே இல்லையா? கையில்லாத ஸ்வெட்டரும் ஸ்வெட்டர்தான்.

அசல் கம்பளி நூலா, அக்ரிலிக்கா என்பதையும் பார்க்க வேண்டும். கம்பளி நூல் தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அதனால்தான் மூடுபனிக்கு அதைவிடச் சிறந்தது இல்லை, பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான். பூச்சியும் அதைத் தேடி வரும். தண்ணீரில் நனைத்து, துண்டில் உருட்டிப் பிழிந்து, பரப்பிக் காயவைத்தால் கோணல் நேராகும். அக்ரிலிக்கைப் பூச்சி தின்னாது, நனைத்தாலும் படியாது. இஸ்திரிப்பெட்டியை மேலே வைத்துவிடாதீர்கள். உயிர் போய்த் துணி சப்பையாகிவிடும்.

இத்தனை பாடு எதற்கு, பழைய துணி விற்கிற பண்டல் கடையில் பத்து இருபது வெள்ளிக்கு ஜப்பான் ஸ்வெட்டரே கிடைக்கிறதே என்ற கேள்வி வரும். கிடைக்கிறது. பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் ஸ்ட்ராபெரி போட்ட குல்லாவும் கிடைக்கிறது. இலங்கையில் நுவரெலியா போனால் அங்கேயும் குளிருடுப்புக்கென்றே ஒரு கடைத்தெரு உண்டு. குளிருக்குப் போர்த்திக்கொள்வது மட்டும்தான் நோக்கம் என்றால் கட்டுரையை இத்தோடு நிறுத்திவிட்டுக் கடைக்குப் போகலாம்.

அமெரிக்காவில் 2022இல் 'லூஸ் எண்ட்ஸ்' என்று ஒரு தன்னார்வ அமைப்பு தொடங்கினார்கள். இறந்துபோனவர்களும் உடல் முடியாமல் போனவர்களும் பாதியில் விட்ட பின்னல்களை, முன்பின் தெரியாத ஒருவர் காசு வாங்காமல் முடித்துக் குடும்பத்திடம் திருப்பித் தருகிறார். பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. நல்ல காரியம்தான். எனக்கென்னவோ அது ஆள் போன பிறகு செய்கிற வைத்தியமாகப் படுகிறது. நம் வீட்டில் ஆள் இன்னும் இருக்கிறார், ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு.

யாருக்கு என்ற கேள்வியும் இருக்கிறது. எந்தக் குழந்தைக்காக ஆரம்பித்தாரோ அது இன்று கிள்ளானில் வேலைக்குப் போகிறது. அங்கே அடிக்கிற வெயிலுக்கு ஸ்வெட்டரா என்று சிரிக்க வேண்டாம். அலுவலக ஏர்கண்டிஷனரிலும், தாப்பாவிலிருந்து கோலாலம்பூர் போகிற ராத்திரி பஸ்ஸிலும் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், இந்த நாட்டில் குளிர் மலையில் மட்டும் இல்லை. உடம்புக்குச் சேராவிட்டால் அடுத்த பேரப்பிள்ளைக்கு ஆகட்டும். துண்டுகளை மூட்டும்போது தோளில் கொஞ்சம் உள்ளே தள்ளித் தைத்தால் அளவு ஓரளவு சரியாகிவிடும்.

தீபாவளிக்குப் பிள்ளைகள் மலையேறி வருவார்கள். பலகாரத் தட்டை நகர்த்திவிட்டுப் பையை எடுத்துப் பாட்டி மடியில் வையுங்கள். அவர் சொல்லச் சொல்ல ஒருவர் எழுதட்டும்: ஊசி எண், ஏற்றிய கண்ணி, எத்தனை வரிசைக்கு ஒரு தடவை கூட்டினார், அக்குளில் எவ்வளவு குறைத்தார். சொல்ல வராததை விரல் செய்து காட்டும். அதைப் போனில் பிடித்துக்கொள்ளுங்கள். கையை மட்டும் எடுங்கள். முகம் தெரிகிறது என்று சொல்லிவிட்டால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுத் தலைவாரப் போய்விடுவார், அப்புறம் அன்றைக்கு வேலை நடக்காது.